பின்சுவர் இல்லாத வீடு

எங்கள் மாலை வகுப்பில் நாங்கள் நான்கு பேர் வாரம் ஒரு படம் பார்த்தோம். ஒன்றாகப் போய் அல்ல. எந்தப் படம் என்பதை வியாழக்கிழமை முடிவு செய்வோம். அடுத்த புதன்கிழமைக்குள் அவரவர் வசதிப்படி பார்த்துவிட வேண்டும். மறுநாள் வகுப்பு இடைவேளையில் அதைப் பற்றிப் பேசுவோம். பார்க்காமல் வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது; நால்வருக்கும் டீ வாங்கி வர வேண்டும்.

வகுப்பு, கட்டட வரைபட வகுப்பு. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். முதல் ஒன்பது மாதம் கையால் வரைய வேண்டும், பிறகுதான் கணினி. பகலில் எல்லோருக்கும் வேறு வேலை. டைல்ஸ் அண்ணன் வீடுகளுக்குத் தரை போடுகிறவர். கிச்சன் அக்கா ஒரு ஷோரூமில் சமையலறை அலமாரிகள் விற்கிறார். கதவு அண்ணனுக்குச் சொந்தமாகச் சிறிய பட்டறை. கதவு செய்து, கொண்டுபோய் மாட்டித் தருவார். நாற்பத்திரண்டு வயது. குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்து இரண்டு முட்டியும் போய்விட்டன. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தார். நான் கண்ணாடிக் கடையில் ஜன்னல் அளவு எடுக்கிறேன். எங்கள் படப் பேச்சையெல்லாம் தேதி போட்டு எழுதி ஒரு கோப்பில் வைப்பதால் எனக்கு ஃபைலு என்று பெயர்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மாதம் பார்த்த ஒரு படத்தில் கதாநாயகி சமையலறையிலிருந்து இரண்டு எட்டில் படுக்கையறைக்குப் போனாள். அந்த வீட்டில் அப்படிப் போகவே முடியாது என்றார் கிச்சன் அக்கா. முடியும் என்றார் டைல்ஸ் அண்ணன். இருவரும் ஆளுக்கொரு டிரேசிங் தாளில் அந்த வீட்டை வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அக்கா சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து எந்தப் படமானாலும் முதலில் அதன் முக்கியமான வீட்டை வரைகிறோம். எட்டு நிமிடம், நினைவிலிருந்து, பேசாமல். பிறகு நான்கு தாள்களையும் வகுப்பின் கோடியில் இருக்கும் விளக்கு மேசை மேல் அடுக்குவோம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிவதால் எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தெரியும். எங்கே கோடுகள் ஒத்துப்போகவில்லையோ அங்கே சண்டை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு மதிப்பெண், பத்துக்கு இவ்வளவு என்று, சொல்லி முடிப்போம். படங்களின் பெயரைக்கூட நாங்கள் சொல்வதில்லை. படிக்கட்டுப் படம், மொட்டை மாடிப் படம் என்றுதான் சொல்வோம்.

நான் மற்ற மூவரும் சொல்லி முடித்த பிறகே மதிப்பெண் சொல்வேன். முப்பத்தொரு படத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஏழுக்கு மேல் எதுவும் இல்லை, ஐந்துக்குக் கீழும் இல்லை. எனக்குப் பிடித்ததா என்பதே எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். சில சமயம் அப்போதும் தெரியாது.

முப்பத்திரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்தது கதவு அண்ணன். அன்றைய பேச்சை எழுதுவதற்கு முன், அன்று எங்கள் மூவருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் அவர் நடித்திருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு படப்பிடிப்பு அரங்குக்குக் கதவு மாட்டப் போயிருக்கிறார். வீட்டு வேலையாளாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த இவரையே மீசை ஒட்டி நிறுத்திவிட்டார்கள். திரையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ஒரே ஒரு வசனம். இப்போது அதே ஆட்கள் அடுத்த படத்தில் கதாநாயகனின் அண்ணனாக நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருபத்தைந்து நாள் வெளியூர் வேலை. எங்கள் இறுதித் தேர்வு சரியாக அதன் நடுவில் வருகிறது. தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடமும் முட்டி தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறார். அவர் ஒரு நிபந்தனை போட்டார். "வாரத்துல அஞ்சு நாள் உங்க மூஞ்சியப் பாக்கறவங்க மூணு பேரு இருக்காங்க. அவங்களப் படத்தப் பாக்க வைங்க. நீங்க வாயத் தொறக்காம, அவங்கள்ல ஒருத்தராவது 'அது நீங்கதானே'ன்னு கேட்டா போங்க. கேக்கலன்னா பேசாம உக்காந்து பரீட்சைக்குப் படிங்க."

அதனால்தான் வியாழக்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாக முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் சார் போன் பேச வெளியே போனதும் நாங்கள் வரைந்தோம். படம், வீட்டைவிட்டு ஓடிப்போன மகன் பல வருடம் கழித்துத் திரும்பி வருவதைப் பற்றியது. பெரிய வீடு. மகன் வாசலில் நின்று மணியடிக்கிறான். வேலையாள் கதவைத் திறக்கிறார். அப்பா இறந்துபோனது அந்த வாசலில்தான் மகனுக்குத் தெரிகிறது.

எட்டு நிமிடம் ஆனதும் நான்கு தாளையும் அடுக்கினோம்.

"முதல்ல கதவு," என்றார் டைல்ஸ் அண்ணன், பென்சிலால் தட்டி. "வெளிய இருந்து காட்டும்போது கீல் இடப்பக்கம். கதவு உள்ள போகுது. சரியா? அடுத்த ஷாட்டு வீட்டுக்குள்ள இருந்து. உள்ள இருந்து பாத்தா கீல் எந்தப் பக்கம் வரணும்?"

"வலப்பக்கம்," என்றார் கிச்சன் அக்கா.

"எங்க இருக்கு? அங்கயும் இடப்பக்கம்தான். போதாததுக்குக் கதவு வெளிப்பக்கமா தொறக்குது. வாசல்ல நிக்கறவன் மூக்கு என்னத்துக்கு ஆகறது? அப்பன் செத்த சேதிய கேக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்."

அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். "அத மாட்டின புண்ணியவான் யாருன்னு தெரியலயே."

"எவனோ அரைகுறை. தலகீழா மாட்டாம விட்டானே, அதச் சொல்லு."

"கேமரா வைக்க எடம் வேணும்ல," என்றார் கதவு அண்ணன். "உள்பக்கமா தொறந்தா கேமராவுல இடிக்கும்."

"நீங்க ஏண்ணா வக்காலத்து வாங்கறீங்க? உங்க பட்டறைக் கதவா?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கெல்லாம் ஃபைலு தேதி போட்டு எழுதிடும். பாத்துப் பேசுங்க."

அவர் தன் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "சரி, கதவ விடுங்க," என்றார். "கதவு தொறந்ததும் என்ன நடக்குது? அத யாராவது சொல்லுங்களேன்."

அவரால் கேட்க முடிந்ததில் அதுவே அதிகம் என்பது இப்போது புரிகிறது.

"என்ன நடக்குது? ஹீரோ உள்ள வர்றான்," என்றார் அக்கா. "பின்னாடி ஒரு செருப்பு அலமாரி. அண்ணா, செருப்பு அலமாரிக்குக் குறைஞ்சது ஒரு அடி ஆழம் வேணும். அங்க ஆறு இஞ்சு இருந்தா பெருசு. அதுல செருப்பு வைக்க முடியாது, செருப்போட படத்தத்தான் ஒட்டி வைக்கலாம்."

"ஹீரோ ஒடனே உள்ள வரல. ஒரு ஆளு நின்னு அவன்கிட்ட ஏதோ சொல்றாரு."

"அது யாரோ வேலைக்காரன்," என்றார் டைல்ஸ் அண்ணன். "அவன் நிக்கற எடத்தப் பாத்தீங்களா? காலுக்குப் பக்கத்துலயே ஒரு டைல் விரிசல் விட்டிருக்கு. கோடீஸ்வரன் வீடாம்! என்கிட்ட சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்திருப்பேன்."

கதவு அண்ணன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து கூடத்துக்கு வந்தோம். அங்கேதான் பெரிய வித்தியாசம். எங்கள் மூவர் தாளிலும் வாசலுக்கு எதிரே ஒரு பின்சுவர் இருந்தது. படத்தில் மகன் சோபாவில் உட்கார்ந்து அழும்போது அவனுக்குப் பின்னால் கடிகாரம் மாட்டிய சுவர் தெரிகிறது. கதவு அண்ணன் தாளில் கூடத்துக்கு மூன்றே சுவர்கள். நான்காவது பக்கம் வெறுமையாக இருந்தது.

"அண்ணா, இது வீடா பஸ் ஸ்டாண்டா?" என்றார் டைல்ஸ் அண்ணன். "பின்னாடி சுவரு எங்க?"

"அது... ஞாபகம் இல்ல."

"அவ்வளவு பெரிய கடிகாரம் மாட்டியிருக்கு. தூங்கிட்டீங்களா?"

"விடு, அவரே ஏதோ டல்லா இருக்காரு," என்றார் அக்கா.

மதிப்பெண் சொன்னோம். டைல்ஸ் அண்ணன் நான்கு. விரிசலுக்காக ஒன்று குறைத்ததாகச் சொன்னார். அக்கா ஆறு; கடைசியில் அம்மாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்காகவாம். கதவு அண்ணன், "நான் சொல்லல, எனக்கு விட்டுடுங்க," என்றார். அப்படி இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் ஆறு என்றேன். சார் உள்ளே வந்துவிட்டார்.

தாள்களைக் கோப்பில் வைப்பது என் வேலை. ஒவ்வொன்றாக விளக்கிலிருந்து எடுக்கும்போது, கதவு அண்ணன் தாளில் பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ அழித்த தடம் தெரிந்தது. டிரேசிங் தாளில் எவ்வளவு அழித்தாலும் பென்சில் கீறிய வழி போகாது. சிறிய பெட்டி. அதன் கீழே பிரிந்து நிற்கும் மூன்று கால்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் படிக்கட்டின் வெட்டுத்தோற்றம் வரைந்தோம். நான் இரண்டு முறை படிகளைத் தப்பாக எண்ணினேன். கதவு அண்ணன் கதவுக்காகப் பரிந்து பேசினார். பின்சுவரை வரையவில்லை. அந்த இடத்தில் மூன்று கால் பெட்டியை வரைந்து அழித்திருக்கிறார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு வந்தது. ஆனால் எனக்கு இப்படி வருகிற முடிவுகள் பெரும்பாலும் தப்பாகப் போகும். போன மாதம் கடையில் முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று நானே முடிவு செய்து இரண்டு நாள் மெதுவாகப் பேசினேன். அவர் புதிதாகப் பல் கட்டியிருந்தார்.

எட்டரைக்கு நானும் கதவு அண்ணனும் ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்போம். அன்று பஸ் வரத் தாமதமானது. வேறு பேச்சு இல்லாததால் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தெருவிளக்குக்குக் காட்டினேன்.

"அண்ணா, இங்க மூணு காலோட ஏதோ அழிச்சிருக்கீங்களே, அது என்ன?"

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நீ என்ன நெனைக்கிற?"

"கேமரான்னு நெனைச்சேன்."

"அப்புறம்?"

"நீங்க அந்த எடத்துக்குப் போயிருக்கீங்க. அங்க நின்னு பாத்தத வரைஞ்சிருக்கீங்க. படத்துல பாத்தத வரையல. அங்க அப்ப பின்சுவர் இல்ல."

"சோபா சீன் எடுக்கறப்போதான் சுவரக் கொண்டுவந்து மாட்டினாங்க," என்றார் அவர். "ம், அப்புறம்?"

"அந்தக் கதவ மாட்டினது நீங்க."

"அப்புறம்?"

எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எங்கள் பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. பஸ் போன பிறகு அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"கதவத் தொறந்தது யாரு?"

ஒட்டு மீசையும் நரைத்த தலையுமாக ஒரு உருவம் மங்கலாக நினைவுக்கு வந்தது. "நீங்களா?" என்றேன்.

அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "கெடுத்துட்டேன்," என்றார். "நானே கேட்டுட்டேன்ல? கேக்காம இருந்திருக்கணும்."

பிறகுதான் நிபந்தனை, பன்னிரண்டு மணி, அடுத்த படம், தேர்வு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"என்னது?"

"நான்."

வழக்கமான பதில் வாய்வரை வந்தது. நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அந்த இரண்டு நிமிடமும் என் கண் கீலில் இருந்தது. வாசல் மூன்றரை அடியா நாலடியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் மூஞ்சியப் பாக்கலண்ணா. நாளைக்குக் காலைல பாத்துட்டு வந்து சொல்றேன். ஒம்போது மணிக்கு ஒரு காட்சி இருக்கு."

"வேல?"

"ரெண்டு மணி நேரம் கேட்டுக்கறேன்."

"வேணாம்மா," என்றார். அடுத்த பஸ் வருவதற்குள், "முப்பத்தஞ்சாவது நிமிஷம்," என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் என்னையும் சேர்த்து ஏழு பேர். நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவர் திரையில் இருக்கும்வரை அவரைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. கடினமாகத்தான் இருந்தது. கதவு திறந்தவுடன் கண் தானாகக் கீலுக்குப் போனது. இழுத்து வந்தேன்.

முகத்தில் பாதி மீசை. தலையில் மாவு தூவியது போன்ற நரை. தெரியாமல் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. அவர் கதவைத் திறந்து மகனைப் பார்க்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது. நான்கு நொடி பேசாமல் நிற்கிறார். முகம் மாறவில்லை, ஆனால் கை கதவை விடவில்லை. இவனை உள்ளே விடலாமா கூடாதா என்று அந்தக் கை யோசிப்பது போல் இருந்தது. அது எனக்குப் பிடித்தது. பிடித்தது என்று அங்கேயே, அப்போதே தெரிந்தது. பிறகு அவர் கண் சட்டென்று தரைக்குப் போய்த் திரும்பியது, அரை நொடி. அதற்கு அப்புறம், "ஐயா இல்லீங்க. இனிமே வரமாட்டார்," என்றார். அந்த அரை நொடியில் வேலையாள் காணாமல் போய், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் ஒருவர் அங்கே நின்றார். மகன் உள்ளே போனதும் இரண்டு கையாலும் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். அப்போது வேலையாள் திரும்பி வந்துவிட்டார்.

இதை டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். மணி ஒன்பது ஐம்பது.

பட்டறை பதினைந்து நிமிட நடை. அவர் ஒரு கதவைப் பெஞ்சில் படுக்கவைத்து இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆணி டப்பாவின் மேல் போன் இருந்தது. என்னைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"சொல்லு."

டிக்கெட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னேன். கையைப் பற்றிச் சொன்னபோது அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். தரையைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"தரையப் பாத்தேனா?"

"பாத்தீங்க."

"எங்க?"

"'ஐயா'ன்னு சொல்றதுக்குச் சரியா முன்னாடி."

"சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டிருந்தாங்க," என்றார். "அதத் தாண்டினா வெளிச்சம் போயிடும்னு சொன்னாங்க. தாண்டிட்டேனான்னு பாத்திருக்கேன். எனக்கே தெரியல. அங்க இருந்த யாரும் சொல்லலயே."

"நான் தப்பா பாத்திருக்கலாம்ணா."

"பாத்தேங்கற, அப்புறம் தப்பா பாத்திருக்கலாம்ங்கற. ரெண்டுல எது?"

"பாத்தேன்," என்றேன். "நீங்க தரையப் பாத்தீங்க."

அவர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். கையெல்லாம் மரத்தூள், அதனால் ஸ்பீக்கரில் போட்டு டப்பா மேலேயே வைத்தார்.

"ஒருத்தங்க கண்டுபிடிச்சாங்க," என்றார். "ஆனா பாதி நானே சொல்லிட்டேன்."

"பாதின்னா எப்படி?"

"கேமராவ வரைஞ்சுட்டேன். அப்புறம் 'கதவத் தொறந்தது யாரு'ன்னு கேட்டுட்டேன்."

"அது பாதி இல்ல, முக்கால்," என்றது போன். "மத்த ரெண்டு பேரு?"

"கதவப் பத்திப் பேசினாங்க."

"என்னன்னு?"

"மாட்டினது எவனோ அரைகுறைன்னு."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. யாரோ மாத்திரை கேட்க, அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். "கண்டுபிடிச்சது யாரு, அந்த ஃபைல் பொண்ணா? பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன்க்கா," என்றேன்.

"நீ சொல்லும்மா. எப்படி நடிச்சிருக்காரு? என் மூஞ்சிக்காக ஒண்ணும் சொல்ல வேணாம்."

இன்னொரு முறை டிக்கெட்டைப் பார்த்து வாசித்தேன். கை, நான்கு நொடி, தரை, கதவைச் சாத்தியது. நடுவில் அவர் எதுவும் கேட்கவில்லை. முடித்த பிறகு, "தரையவா பாத்தாரு?" என்றார்.

"ஆமாக்கா."

"நான் நாலு தடவ பாத்தேன். அந்த எடம் வரும்போதெல்லாம் எனக்கு என்னமோ ஒண்ணு இடிக்கும். என்னன்னு சொல்லத் தெரியல. சொல்லத் தெரியாமதான் இந்த நிபந்தனை, கிபந்தனை எல்லாம். வேற என்ன தப்பு?"

"வேற இல்லக்கா."

"இருந்தா இப்பவே சொல்லிடு. அண்ணனா நடிக்கப் போறேன்னு போயிட்டு, அங்க நூறு பேரு முன்னாடி சிரிப்பா சிரிக்கக் கூடாது. அந்த மனுஷன் அத வீட்டுல வந்து சொல்லவும் மாட்டாரு. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

கதவு அண்ணன் இழைப்புளியில் ஒட்டியிருந்த சீவலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்த வரைக்கும் அது ஒண்ணுதான்," என்றேன். டிக்கெட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப சரி. என்னங்க, கேக்குதா?"

"ம்."

"ஆளே சரியில்லன்னா போக வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இது தரையப் பாக்கறதுதானே. பாக்காம இருங்க. போயிட்டு வாங்க."

"நிபந்தனைப்படி நான் தோத்துட்டேனே."

"ஆமா, தோத்துட்டீங்க. போயிட்டு வாங்க."

"பரீட்சை?"

"அது அடுத்த வருஷமும் வரும். முட்டிக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குத் தைலம் தேய்க்கறேன், வேற என்ன. சரி, இங்க கூட்டம் நிக்குது." போன் அணைந்தது.

மணி பத்தே முக்கால். அவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு படக் கம்பெனி மேலாளரைப் போனில் கூப்பிட்டார். வருவதாகச் சொன்னார். பெரிய பேச்சு ஏதும் நடக்கவில்லை. அவர்கள் சட்டை அளவு கேட்டார்கள். சொந்த மீசை வளர்க்க முடியுமா என்று கேட்டார்கள். போனை வைத்ததும் அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தேர்வு தேதியைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதால் ஒருவருக்கு ஒரு வருடம் போகிறது. அது எனக்கும் தெரிந்தது.

கடையிலிருந்து முதலாளி இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். "நான் கிளம்பறேண்ணா," என்றேன்.

"ரெண்டே நிமிஷம் இரு," என்றார். பட்டறையின் பின்பக்கம் ஒரு சட்டத்தில் புதுக் கதவு ஒன்றைச் சரிபார்ப்பதற்காக மாட்டி வைத்திருந்தார். "அந்தப் பக்கம் போய் நில்லு. நீதான் மகன். தட்டு."

"எனக்கு நடிக்கத் தெரியாதுண்ணா."

"நடிக்க வேணாம். நில்லு போதும். நான் தரையப் பாத்தா சொல்லு."

தட்டினேன். திறந்தார். பார்த்தார். "பாத்தீங்க," என்றேன். சாத்தினார். மறுபடி தட்டினேன். மறுபடி பார்த்தார். தெருவில் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "கதவு ஒட்டுதா?" என்று கேட்டார். "இல்ல, ஆளுதான் ஒட்டறான்," என்றார் அண்ணன். மூன்றாவது முறை தரைக்குப் பதில் கூரையைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம். நான்காவது முறை வசனம் மறந்துவிட்டது. ஐந்தாவது முறை கிட்டத்தட்ட வந்தது. ஆனால் கடைசி நேரத்தில் கண் கொஞ்சம் இறங்கியது.

"இன்னொண்ணு," என்றார் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து.

தட்டினேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறந்தது. கை கதவின் மேலேயே இருந்தது. கண் என்னை விட்டு நகரவில்லை.

"ஐயா இல்லீங்க," என்றார். "இனிமே வரமாட்டார்."

சரியாக வந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே நின்றிருந்தேன். ஆனால் எனக்கு, ஐயா எப்போது இறந்தார் என்று கேட்கத்தான் தோன்றியது. அவரும் கதவைப் பிடித்தபடி, நான் உள்ளே வருவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.